கோழிக் கழிச்சலும் ராத்தாவின் கட்டியும்

காலரா, அம்மை, காசம் போன்ற நோய்கள் வெளியிலிருந்து வருகின்றன. அவற்றைக் கொண்டுவரும் கிருமிகளுக்கு நம் உடலோடு எவ்வித உறவும் இல்லை. ஆகவே அவை உள்ளே நுழைந்ததும், உடலின் காவற்படையாகிய வெள்ளணுக்கள் அவற்றை அந்நியர் என்று கண்டுகொண்டு போராடுகின்றன. புற்றுநோயின் கதை வேறு. நம் வீட்டிலேயே பிறந்து, நம் உணவையே உண்டு வளர்ந்த ஓர் உயிரணு கட்டுப்பாட்டை இழந்து பெருகுவதே புற்று. அதன் முகம் நம் முகம். காவற்காரன் அதைப் பார்த்து, வீட்டுப் பிள்ளைதானே என்று பல வேளைகளில் வழிவிட்டு விடுகிறான்.

அந்த முகத்தை மாற்றிவிட்டால் என்ன? வீட்டுப் பிள்ளையின் முகத்தில் அந்நியனின் அடையாளத்தைப் பதித்துவிட்டால், காவற்காரன் விழித்துக்கொள்ள மாட்டானா? அறிவியலார் இந்த வினாவை அறுபது ஆண்டுகளாகக் கேட்டுவருகின்றனர். எங்கள் குடும்பத்துக்கு அது 2023 ஆம் ஆண்டில், என் ராத்தாவின் நோயை முன்னிட்டு வந்து சேர்ந்தது.

ராத்தாவுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில், எங்கள் உம்மா வாழ்ந்த வீட்டிலேயே இருக்கிறார். மச்சான் வஃபாத்தாகிப் பதினோராண்டுகள் கடந்திருந்தன. ஒரே மகன் ஜித்தாவில் பணிபுரிகிறான். அவனுடைய மனைவியும் மகளும் ராத்தாவுடன் வசிக்கின்றனர். மாதவிலக்கு நின்று பல ஆண்டுகள் கழிந்த பின் மீண்டும் உதிரம் கண்டதை ராத்தா நான்கு மாதங்கள் யாரிடமும் சொல்லவில்லை. இதை எப்படி வெளியே சொல்வது என்ற கூச்சம். நம் வீட்டுப் பெண்கள் பலரிடம் இருக்கும் அதே கூச்சம்தான். ஒருவழியாக மருமகளிடம் சொல்லி, மதுரைக்கு அழைத்துச் சென்று பரிசோதித்தபோது, கருப்பையின் வாயில் புற்று என்று தெரிந்தது. தூரத்து உறுப்புகளுக்குப் பரவவில்லை என்பது ஒன்றே ஆறுதல்.

சிகிச்சையின் முறையை மருத்துவ அம்மையார் முதல் நாளே தெளிவாகக் கூறிவிட்டார். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் இருபத்தைந்து முறை வெளியிலிருந்து கதிர்வீச்சு. அத்துடன் வாரம் ஒருமுறை மருந்தேற்றம். அதன்பின் கதிர்வீசும் பொருளைக் கட்டியின் அருகிலேயே வைத்துச் சிலமுறை உட்கதிர் சிகிச்சை. எல்லாம் எட்டு வாரங்களுக்குள் முடிந்துவிட வேண்டும். இடையில் நிறுத்தினால், எஞ்சி நிற்கும் புற்றணுக்கள் மீண்டும் பெருகுவதற்கு நாமே அவகாசம் கொடுத்ததாகும் என்றார்.

மூன்றாவது வாரத்தில் ராத்தா மிகவும் தளர்ந்துவிட்டார். குமட்டல், வயிற்றுப்போக்கு, உணவின் மேல் வெறுப்பு. அந்த நேரத்தில்தான் ஜித்தாவிலிருந்து மருமகனின் குரற்பதிவு வந்தது.

"மாமா, உம்மாவுக்குக் கரண்ட் வைக்கிறதை நிறுத்திடுங்க. உடம்பிலே இருக்கிற எதிர்ப்புச் சக்தியையே அது அழிச்சிடுமாம். ஜெர்மனியிலே கோழிக்கு வர்ற ஒரு வைரஸைக் கொண்டு கட்டியைக் கரைக்கிறாங்க. எல்லாம் விசாரிச்சிட்டேன். பணத்துக்கு வீட்டை விலை பேசச் சொல்லியிருக்கேன்."

எங்கள் பக்கத்தில் வீடு என்பது பெண்மக்களின் வழியில் வருவது. உம்மாவின் உம்மாவிடமிருந்து உம்மாவுக்கும், உம்மாவிடமிருந்து ராத்தாவுக்கும் வந்த வீடு அது. அடுத்து பன்னிரண்டு வயதுப் பேத்திக்கு என்று எல்லோர் மனத்திலும் எழுதப்பட்டிருந்தது. தாயின் உயிருக்கு முன் வீடு பெரிதல்ல. அந்தப் பிள்ளையின் தவிப்பையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் வீட்டை விற்பதைக் காட்டிலும், கதிர்வீச்சை நிறுத்துவது என்ற சொல்லே என்னைத் திடுக்கிடச் செய்தது. வீடு போனால் வாடகை வீட்டில் இருக்கலாம். எட்டு வாரக் கணக்கு போனால் அதைத் திரும்பப் பெற வழியில்லை.

பெண்கள் மேனிலைப் பள்ளியில் முப்பத்தோராண்டுகள் விலங்கியல் கற்பித்தவன் நான். அதனால் குடும்பத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் என்னைப் பாதி மருத்துவனாக்கிவிடுவார்கள். தவளையை அறுத்துக் காட்டியவனுக்கு மனிதரின் நோய் தெரியும் என்பது அவர்கள் நம்பிக்கை. மருமகனிடம், "பத்து நாள் பொறு. அதுவரை உம்மாவின் சிகிச்சை ஒருநாளும் தடைப்படக் கூடாது. நான் படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். ஒப்புக்கொண்டான். சென்னையில் ஆராய்ச்சிப் பணியிலிருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி, கேட்ட கட்டுரைகளையெல்லாம் அனுப்பித் தந்தாள். அந்தப் பத்து நாட்களில் நான் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. இன்று எந்த வீட்டுக்கும் இத்தகைய குரற்பதிவு வரக்கூடும்.

முதலில் அந்தக் கோழி வைரஸ். அது என்னவென்று தேடிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வியப்பும் ஒருங்கே வந்தன. அது வேறெதுவுமில்லை, நம் கோழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுபோடும் வெள்ளைக் கழிச்சல்தான். 1926 ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் அந்நோய் கண்டறியப்பட்டது. மறு ஆண்டில் நம் நாட்டின் குமாவுன் மலைப்பகுதியில் உள்ள இராணிக்கெட்டில் தோன்றியது. ஆகவே உலகம் அதை நியூகாசில் நோய் என்கிறது. நம் கால்நடை மருத்துவர்கள் இராணிக்கெட் நோய் என்கின்றனர். ராத்தா நாற்பது ஆண்டுகளாக நாட்டுக்கோழி வளர்ப்பவர். குஞ்சு பொரித்த ஒரு வாரத்துக்குள் அதன் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா மருந்து விடுவது அவருக்குக் கைவந்த வேலை. அந்தச் சொட்டில் இருப்பது வீரியம் குறைந்த, உயிருள்ள அதே வைரஸ்தான்.

நான் செய்தியைச் சொன்னதும் ராத்தா படுக்கையிலிருந்தே கேட்டார்: "தம்பி, குஞ்சுக்கு நான் கண்ணிலே விடுற மருந்தா? அதை எனக்குப் போடுறதுக்கா வீட்டை விக்கணும்?"

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் கோழியைக் கொல்லும் வைரஸ் மனிதரின் கட்டியை ஏன் தாக்க வேண்டும் என்ற நல்ல வினா அந்தக் கேலிக்குள் இருந்தது.

இதைப் புரிந்துகொள்ள உயிரணுவின் மேற்சவ்வைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஒவ்வோர் உயிரணுவையும் ஒரு மெல்லிய உறை சூழ்ந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஒரு லட்சம் கூறுகளாக்கினால், அதில் ஒரு கூறுக்கும் குறைவான தடிப்பு அதற்கு. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக அணிவகுத்து நிற்க, அவற்றின் இடையே புரதங்கள் மிதக்கின்றன. பல புரதங்களின் வெளிமுனையில் சர்க்கரைச் சங்கிலிகள் கிளைவிட்டு நிற்கின்றன. பள்ளியில் நான் இதை வெறும் வேலி என்றளவில் நடத்தி முடித்துவிடுவது வழக்கம். பாடநூலும் அவ்வளவே கேட்டது. உண்மையில் அது வேலி மட்டுமன்று. வீட்டின் வாசல், பெயர்ப்பலகை, விளம்பரத் தட்டி எல்லாம் அதுவே. வெள்ளணுக்கள் உயிரணுவின் உள்ளே புகுந்து பார்ப்பதில்லை. வெளியே தெரிவதைக் கொண்டுதான் நண்பனா பகைவனா என்று தீர்மானிக்கின்றன.

இனி வைரஸ் செய்யும் வேலையைப் பாருங்கள். கழிச்சல் வைரஸின் மேலே இருவகைப் புரத முட்கள் உள்ளன. ஒன்று, உயிரணுவின் சர்க்கரைச் சங்கிலி நுனியிலுள்ள சியாலிக் அமிலத்தைப் பற்றிக்கொள்வது. தேவைப்படும்போது அதை வெட்டிவிடவும் வல்லது. மற்றொன்று, வைரஸின் உறையையும் உயிரணுவின் சவ்வையும் ஒன்றாக இணைப்பது. இவ்வாறு உள்ளே புகுந்த வைரஸ், தன் புரதங்களை அந்த உயிரணுவைக் கொண்டே உற்பத்தி செய்துகொள்கிறது. சில மணி நேரத்தில் அந்த முட்புரதங்கள் உயிரணுவின் மேற்சவ்வில் வந்து முளைக்கின்றன. புதிய வைரஸ் துகள்கள் அந்தச் சவ்வையே போர்வையாகப் போர்த்திக்கொண்டு மொட்டுவிட்டு வெளியேறுகின்றன.

உயிரணு இன்னும் சாகவில்லை. ஆனால் அதன் முகம் மாறிவிட்டது. அதற்குமுன் ஒட்டாத சிவப்பணுக்கள் இப்போது அதன்மேல் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஆய்வுக்கூடங்களில் தொற்று ஏற்பட்டதா என்று பார்க்கவே இந்தச் சோதனையைப் பயன்படுத்துவார்கள். சியாலிக் அமிலம் வெட்டப்பட்ட இடங்களில், அதுவரை மறைந்திருந்த சர்க்கரைகள் வெளித்தெரிகின்றன. அடுத்தடுத்த உயிரணுக்களின் சவ்வுகள் இணைந்து, பல உட்கருக்கள் கொண்ட ஒரே பெரிய உயிரணுவாகிவிடுவதும் உண்டு.

ஆரோக்கியமான மனித உயிரணுவில் இந்த வைரஸ் புகுந்தால், அது உடனே அபாயமணி அடித்துவிடும். அந்த மணியின் பெயர் இன்டர்ஃபெரான். 1957 ஆம் ஆண்டில் இலண்டனில் அலிக் ஐசக்ஸ், ழான் லிண்டன்மான் என்ற இருவர் கண்டுபிடித்தது. மணி அடித்ததும் வைரஸின் பெருக்கம் முடங்கிவிடும். கோழிப் பண்ணையில் வேலை செய்வோருக்கு இந்த வைரஸால் கண்சிவப்பும் இலேசான காய்ச்சலும் வருவதோடு நின்றுவிடுவதற்கு இது முக்கியமான காரணம். புற்றணுக்கள் பலவற்றில் இந்த மணி பழுதுபட்டிருக்கிறது. கட்டுமீறிப் பெருகுவதற்காக அவை இழந்த கட்டுப்பாடுகளில் இதுவும் ஒன்று. ஆகவே அங்கே வைரஸ் தங்குதடையின்றிப் பெருகுகிறது. ராத்தாவின் வினாவுக்கு விடை இதுதான்.

இன்டர்ஃபெரானைக் கண்டறிந்த அதே லிண்டன்மான், பத்தாண்டுகள் கழித்து 1967 இல், கிளைன் என்பவருடன் சேர்ந்து மற்றோர் ஆய்வை வெளியிட்டார். சுண்டெலிகளில் வளரும் ஒருவகைப் புற்றணுக்களில் சளிக்காய்ச்சல் வைரஸைத் தொற்றச் செய்து, அவ்வாறு அழிந்த அணுக்களின் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினர். பிறகு அந்த எலிகளுக்கு, வைரஸே படாத அதே வகைப் புற்றணுக்களைக் கொடுத்தபோது, அவை அதை எதிர்த்து நின்றன. தொற்றில்லாத புற்றணுக்களின் சாறு அந்த அளவு பாதுகாப்பைத் தரவில்லை. வைரஸின் துணையோடு வந்தபோதுதான் கட்டியின் அடையாளம் உடலின் கண்ணில் பட்டது.

ஏறத்தாழ அதே காலத்தில் ஜப்பானின் சப்போரோ நகரில், ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோஷி கோபயாஷியும் அவருடைய குழுவினரும் எலியின் புற்றணுக்களில் ஃப்ரெண்ட் வைரஸ் என்பதைத் தொற்றச் செய்தனர். இந்த வைரஸ் அணுவைக் கொல்வதில்லை. அதன் மேற்சவ்வில் தன் அடையாளத்தை மட்டும் பதிக்கிறது. அத்தகைய கட்டி எலியின் உடலில் சில நாள் வளர்ந்தது. பின்னர் தானாகவே சுருங்கி மறைந்தது. மறைந்த பின் அந்த எலிக்குப் பழைய, அடையாளம் பதியாத கட்டியைக் கொடுத்தார்கள். அதையும் எலியின் உடல் ஏற்க மறுத்துவிட்டது! இம்முறைக்குக் கோபயாஷி வைத்த பெயரைத் தமிழில் 'அந்நியமாக்கல்' என்று சொல்லலாம்.

இதை ராத்தாவுக்கு எப்படி விளக்குவது என்று யோசித்தேன். சந்தையில் சாயம் ஏற்றிய கோழிக்குஞ்சுகள் விற்பார்களல்லவா, இளஞ்சிவப்பிலும் பச்சையிலும்? பேத்திக்காக ஒருமுறை இரண்டு வாங்கி வந்து, அடைகாத்து எழுந்த கோழியோடு விட்டார்கள். தாய்க்கோழி அவற்றைக் கொத்தி விரட்டியது. "அதே சாயத்தை அதனுடைய குஞ்சு ஒன்றுக்கு ஏற்றினால் அதையும் கொத்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயத்தைப் பார்த்துக் கொத்தத் தொடங்கிய கோழி, பிறகு சாயமில்லாத அந்தக் குஞ்சையும் அடையாளம் கண்டு விரட்டினால் எப்படி, அப்படித்தான் இது" என்றேன். ராத்தா சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "பாவம் அந்தக் குஞ்சு" என்றார். உவமை எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை இருக்கத்தான் செய்கிறது.

சாயத்தைப் பார்த்து விரட்டக் கற்றவன் சாயமில்லாததையும் எவ்வாறு அறிகிறான் என்பதற்கான விளக்கத்தில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. கான்பெரா நகரில் பீட்டர் டோஹர்ட்டி, ரோல்ஃப் ஜிங்கர்நாகல் ஆகிய இருவரும் 1973 ஆம் ஆண்டு முதல் செய்த ஆய்வுகளுக்காக 1996 இல் நோபல் பரிசு பெற்றனர். டோஹர்ட்டி ஒரு கால்நடை மருத்துவர் என்பதை, கோழியில் தொடங்கிய இக்கட்டுரையில் குறிப்பிடாமலிருக்க மனம் வரவில்லை. அவர்கள் கண்டது இதுதான்: வெள்ளணுக்களில் டி அணு எனப்படும் வகை, வைரஸை மட்டும் தனியே பார்ப்பதில்லை. உயிரணு தன் மேற்சவ்வில் ஒரு தட்டை ஏந்தி நிற்கிறது. உள்ளே தயாராகும் புரதங்களின் துணுக்குகளை அந்தத் தட்டில் வைத்து வெளியே நீட்டிக்கொண்டே இருக்கிறது. தட்டு நம்முடையதாகவும், அதில் உள்ள துணுக்கு அந்நியமாகவும் இருந்தால், டி அணு அந்த உயிரணுவைக் கொன்றுவிடும். வைரஸ் தொற்றும்போது எழும் இன்டர்ஃபெரான் இந்தத் தட்டுகளின் எண்ணிக்கையைப் பெருக்குகிறது. தட்டுகள் பெருகும்போது வைரஸின் துணுக்குகளோடு, அதுவரை கவனிக்கப்படாதிருந்த புற்றின் மாறுபட்ட துணுக்குகளும் வெளியே தெரிய வருகின்றன.

இவ்வளவும் படித்தபோது, மருமகன் சொல்வது சரிதானோ என்ற எண்ணம் எனக்கே ஏற்பட்டது. மறைக்க வேண்டியதில்லை, இரண்டு இரவுகள் உறக்கமின்றிக் கழிந்தன. அடிப்படை அறிவியல் அத்தனை அழகாக இருந்தது.

மனிதர்களிடம் என்ன நடந்தது என்று தேடியபோதுதான் கால் தரையில் பட்டது. 1964 இலேயே இரத்தப் புற்று கண்ட ஒரு நோயாளிக்குக் கழிச்சல் வைரஸ் உட்படப் பல வைரஸ்களைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சிறிது முன்னேற்றம் தெரிந்தது, நிலைக்கவில்லை. அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் காசெல், அறுவை செய்யப்பட்ட தோல் கருமைப் புற்று நோயாளிகளுக்கு, கழிச்சல் வைரஸால் சிதைத்த புற்றணுக்களின் சாற்றை ஆண்டுக்கணக்கில் கொடுத்து, பத்தாண்டுப் பலனை 1992 இல் வெளியிட்டார். எதிர்பார்த்ததைவிட மிகுதியானோர் உயிரோடிருந்தனர். ஆனால் அதே நிலையில், அச்சாறு பெறாத ஒரு குழுவைச் சீட்டுக்குலுக்கித் தேர்ந்து, பக்கத்தில் வைத்து ஒப்பிடவில்லை. ஒப்பிடாத வரை, பிழைத்தவர் மருந்தால் பிழைத்தாரா, பிழைக்கக்கூடியவராக இருந்ததால் பிழைத்தாரா என்று சொல்ல முடியாது. அம்மை வைரஸ் இனத்தைச் சேர்ந்த வேறொரு வைரஸைக் கொண்டு தயாரித்த இதே போன்ற சாற்றை, 1990களில் முறையாகச் சீட்டுக்குலுக்கி, யாருக்கு எது செல்கிறதென்று மருத்துவருக்கும் தெரியாமல் சோதித்தார்கள். குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை.

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் வோல்கர் ஷிர்மாகர் வழிகாட்டிய முறை இன்னும் நுட்பமானது. நோயாளியின் கட்டியையே வெட்டியெடுத்து, அதன் அணுக்களில் கழிச்சல் வைரஸைத் தொற்றச் செய்து, அவை பெருகாதபடி கதிர்வீச்சால் முடக்கி, நோயாளியின் தோலுக்குள் ஊசியாகச் செலுத்துவது. பெருங்குடல், மலக்குடல் புற்று ஈரலுக்குப் பரவி, அதை அறுத்து எடுத்தவர்களிடம் இது சோதிக்கப்பட்டு 2009 இல் முடிவு வெளியானது. மொத்தத்தில் இரு குழுவினருக்கும் வேறுபாடு இல்லை. பெருங்குடல் புற்று கண்டவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது நன்மையின் சாயல் தெரிந்தது. இந்தச் சாயலைத்தான் தனியார் சிகிச்சை நிலையங்கள் சில, பெரிய எழுத்தில் விளம்பரப்படுத்துகின்றன போலும்.

வைரஸ் சிகிச்சையே வீண் என்று நான் சொல்லவில்லை. வாய்ப்புண் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸை மாற்றியமைத்துச் செய்த மருந்துக்கு, தோல் கருமைப் புற்றுக்காக 2015 இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. சோதனையில் நூற்றுக்குப் பதினாறு பேருக்குக் கட்டி சுருங்கி, அந்நிலை ஆறு மாதங்களேனும் நீடித்தது. ஒப்பீட்டு மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் அது வாய்த்தது. ஜப்பானில் 2021 இல் மூளைக்கட்டிக்கு இதே இனத்து வைரஸ் ஒன்று நிபந்தனையுடன் அனுமதிக்கப்பட்டது. எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு நடந்த 2023 வரை கழிச்சல் வைரஸுக்கு அமெரிக்காவில் அத்தகைய ஒப்புதல் கிடைத்திருக்கவில்லை. கருப்பை வாய்ப் புற்றுக்கோ, கதிர்வீச்சும் மருந்தும் சேர்ந்த சிகிச்சை, பரவாத நிலையில் பலரை முற்றிலும் குணப்படுத்தி வருகிறது.

இன்னொன்றும் படித்தேன். மருமகனிடம் சொல்லும்போது குரல் தடுமாறியது அந்த இடத்தில்தான். ராத்தாவின் கட்டியே ஒரு வைரஸின் விளைவு. கருப்பை வாய்ப் புற்றுகளில் ஏறக்குறைய அனைத்துக்கும் காரணம் மனித பாப்பிலோமா வைரஸ் என்பதை நிறுவியவர், அதே ஹைடல்பெர்க் நகரத்தில் பணியாற்றிய ஹரால்ட் ஸூர் ஹௌசன். 2008 இல் நோபல் பரிசு பெற்றார். கழிச்சல் வைரஸ் உயிரணுவின் வாசலில் தன் கொடியை நாட்டுகிறது என்றால், இது வாசலில் இருப்பதையும் எடுத்து உள்ளே வைத்துவிடுகிறது. இதன் புரதங்களுள் ஈ-5 என்னும் ஒன்று, மேற்சவ்வுக்குச் செல்லவேண்டிய தட்டுகளை உயிரணுவின் உள்ளேயே தடுத்து நிறுத்திவிடுகிறது. தட்டு வெளியே வராததால் டி அணுவுக்குச் செய்தி எட்டுவதில்லை. இது உயிரணுவை வெடிக்கச் செய்வதுமில்லை, இரத்தத்தில் கலப்பதுமில்லை. பத்து, இருபது ஆண்டுகள் சந்தடியின்றித் தங்கிவிடுகிறது. இரண்டும் வைரஸ்தான், இரண்டும் மாற்றுவது மேற்சவ்வைத்தான். ஒன்று காவலனை அழைக்கிறது, மற்றொன்று காவலனின் கண்ணைக் கட்டுகிறது.

இந்த வைரஸ் கணவன் மனைவி உறவின் வழியே தொற்றுவது என்பதைக் கேட்டு யாரும் யார்மீதும் ஐயம் கொள்ள வேண்டியதில்லை. மணவாழ்வு கண்டவருள் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒருமுறையேனும் இது தொடுகிறது. பெரும்பாலோரிடம் ஓரிரு ஆண்டுகளில் உடலே அதைத் துடைத்துவிடுகிறது. ஒரு சிலரிடம் மட்டும் தங்கிவிடுகிறது. ராத்தாவின் மனத்தில் இதைப் பற்றி ஒரு வேதனை இருந்ததை, மருமகள் மூலமாக நான் அறிந்தேன். மருத்துவ அம்மையாரிடம் சொல்லி, இதை அவரே ராத்தாவுக்கு எடுத்துரைக்கும்படி செய்தோம். அன்று மாலைதான் ராத்தா பல நாளைக்குப் பின் வயிறாரக் கஞ்சி குடித்தார்.

பத்தாம் நாள் மருமகனோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினேன்.

"அப்படின்னா அது பொய்யா மாமா?" என்றான்.

பொய் என்றால் அவனை எளிதில் திருப்பியிருக்கலாம். பொய்யில்லையே! "பொய்யில்லை. எலியில் உண்மை. ஆய்வுக்கூடத்தில் உண்மை. மனிதரில் சில புற்றுகளில், சிலருக்கு உண்மையாகி வருகிறது. உம்மாவின் நோய்க்கு, கையிலுள்ள சிகிச்சையை நிறுத்திவிட்டு அதன் பின்னே போகும் அளவுக்கு இன்னும் உண்மையாகவில்லை" என்றேன். கதிர்வீச்சு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் என்று அவன் கேள்விப்பட்டதில் ஓரளவு உண்மை இருக்கிறது. வெள்ளணுக்கள் குறையத்தான் செய்கின்றன. அதனால்தான் அடிக்கடி இரத்தம் சோதித்துப் பார்க்கிறார்கள். அதையும் அவனிடம் ஒளிக்கவில்லை.

அவன் முழுமையாகச் சமாதானம் அடைந்தான் என்று சொல்ல முடியாது. கைப்பேசியை ராத்தாவிடம் கொடுத்தேன். ராத்தா சொன்னது இவ்வளவுதான்: "வாப்பா, உடம்பும் என்னுது, வீடும் என்னுது. ரெண்டையும் பத்தி முடிவு பண்றதுக்கு முன்னே என்னைய ஒரு வார்த்தை கேக்கணுமில்ல? இன்னும் பன்னிரண்டு தடவைதான் இருக்கு. முடிச்சிட்டு வர்றேன். நீ துஆ செய்."

ஐம்பத்து மூன்றாம் நாளில் உட்கதிர் சிகிச்சை உட்பட அனைத்தும் முடிந்தன. இரண்டாண்டுகள் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்குச் சென்று காட்டி வந்தோம்; இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் முடிவு கைக்கு வரும்வரை வீட்டில் யாரும் சரியாக உண்பதில்லை. குணமாகிவிட்டது என்ற சொல்லை மருத்துவ அம்மையார் இன்னும் உச்சரிக்கவில்லை. ஐந்தாண்டுகள் போகட்டும் என்கிறார்.

பேத்தியின் தடுப்பூசியைப் பற்றிய பேச்சு அதே ஆண்டின் இறுதியில் எழுந்தது. பாப்பிலோமா வைரஸுக்கான தடுப்பூசி 2006 முதல் உலகில் இருக்கிறது. நம் நாட்டுத் தயாரிப்பு 2022 இல் அறிவிக்கப்பட்டது. வைரஸின் வெளிக்கூட்டைப் போன்ற வெற்றுக் கூடு மட்டுமே அதில் உண்டு, உள்ளே சரக்கில்லை. உயிரணுவுக்குள் புகுந்து தட்டுகளை மறைக்குமுன், வாசலுக்கு வெளியிலேயே வைரஸைப் பிடித்துவிடும்படி உடலைப் பழக்குகிறது. வைரஸ் உள்ளே புகுந்து தங்கிய பிறகு அதை அகற்ற இந்த ஊசியால் இயலாது. ஆகவேதான் ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள் போடச் சொல்கின்றனர். அந்த வயதில் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி போதும்.

மருமகளுக்குத் தயக்கம். வயதுக்கு வரும் பிள்ளைக்கு இந்த ஊசி எதற்கு, நாளை நாலு பேர் என்ன பேசுவார்கள் என்றார். நான் வாயைத் திறக்குமுன் ராத்தா குறுக்கிட்டார். தன் வயிற்றில் கதிர்வீச்சால் கறுத்துப்போயிருந்த தோலைப் பற்றியும், மதுரையில் தன்னோடு வரிசையில் அமர்ந்திருந்த முப்பத்தைந்து வயதுப் பெண்ணைப் பற்றியும் மருமகளிடம் சொன்னார். நாங்கள் ஆண்கள் அறையைவிட்டு வெளியே வந்துவிட்டோம்.

மறுவாரம் முதல் ஊசியும், ஆறு மாதம் கழித்து இரண்டாவதும் போட்டாயிற்று. இரண்டாம் முறை பேத்தியோடு ராத்தாவும் போயிருந்தார். செவிலியர் ஊசியைக் கையில் எடுத்தபோது, "குஞ்சுக்குக் கண்ணிலே ஒரு சொட்டு, பிள்ளைக்குக் கையிலே குத்தா?" என்று கேட்டாராம். அந்தச் செவிலியருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று பேத்தி சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள்.